நீதிபதி டிட்வெல்லுக்கு மதிப்பெண்

ஷரி பாக்காவின் வண்டி அன்று எங்கள் டயர் கடைக்கு இழுவை வண்டியின் முதுகில் ஏறி வந்தது. நான்கு டயரும் தரையோடு தரையாக அமுங்கிக் கிடந்தன. ஆணி ஏறியிருந்தால் ஓட்டை அடியில் இருக்கும். இதில் நான்கிலும் பக்கவாட்டில் கிழிசல். கத்தியைச் சொருகி இழுத்திருக்கிறான். என் கணவர் லீராய் ஒன்றுமே கேட்காமல் ஜாக்கியை எடுக்கப் போனார். அவருக்குப் பேச்சு குறைவு. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் நான் இருக்கிறேன்.

"ட்ராவிஸா?" என்றேன்.

"வேற யாரு?" என்றாள் ஷரி.

ட்ராவிஸ் அவளுடைய முன்னாள் கணவன். விவாகரத்தாகி ஒரு வருடமாகிறது. அவன் மட்டும் அதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

"கோர்ட்டுக்குப் போ மிஹா. பாதுகாப்பு உத்தரவு கேளு. உன் பக்கத்துல வந்தாலே போலீஸ் தூக்கிட்டுப் போகும்."

எங்கள் ஊரில் மகள் வயதுப் பெண்களை 'மிஹா' என்றுதான் கூப்பிடுவோம். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"போனேனே, போன மாசம். நீங்களும் அன்னிக்கு அங்கதான் இருந்தீங்க டெல்மா. கடைசி வரிசையில, சிவப்புக் கோட்டு போட்டுக்கிட்டு."

எனக்கு முகத்தில் சூடு ஏறியது. அன்று நான் அங்கே போனது நீதிபதிக்கு மதிப்பெண் போட.

எங்கள் மாநிலத்தில் நீதிபதிகளும் தேர்தலைச் சந்திக்க வேண்டும். எதிர்த்து நிற்க யாரும் கிடையாது. வாக்குச்சீட்டில் ஒரே கேள்விதான்: இவர் பதவியில் தொடரலாமா, ஆம், இல்லை. ஜனங்களுக்கு எந்த நீதிபதியைத் தெரியும்? அதனால் கவுண்டி என்கிற ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு மதிப்பீட்டுக் குழு வைத்திருக்கிறார்கள். பத்து பேர். நாலு பேர் வக்கீல்கள், மீதிப் பேர் என்னைப் போல டயர் கடை, பண்ணை, பள்ளிக்கூடம் என்று பிழைப்பவர்கள். நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்து பார்ப்போம், வக்கீல்களின் கருத்துகளைப் படிப்போம், நீதிபதியை நேரில் கூப்பிட்டுக் கேள்வி கேட்போம், பிறகு ஓட்டுப் போடுவோம். 'தகுதி உண்டு' அல்லது 'தகுதி இல்லை' என்று வாக்காளர் கையேட்டில் எங்கள் முடிவு அச்சாகும். பியெத்ரா கவுண்டியில் அந்தக் கையேடு சொன்னபடிதான் எப்போதும் ஜனங்கள் குத்தியிருக்கிறார்கள். குழு 'தகுதி இல்லை' என்று சொன்ன வரலாறும் கிடையாது.

இந்த வருடம் வாரன் டிட்வெல்லின் முறை. வெள்ளை முடி, சிரித்த முகம், மான் வேட்டை சீசன் தொடங்கினால் ஆரஞ்சுத் தொப்பியோடு காபிக் கடையில் எல்லார் தோளிலும் தட்டுகிற மனிதர். நான் போய் உட்கார்ந்த அன்று மனுஷர் தேனாக ஒழுகினார். வாடகை பாக்கி வைத்த கிழவனிடம்கூட "உங்க பக்கம் என்னன்னு நிதானமா சொல்லுங்க, அவசரமில்லை" என்றார். நான் எல்லாக் கட்டத்திலும் நல்ல மதிப்பெண்ணாகப் போட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பி வந்துவிட்டேன்.

"நீங்க எந்திரிச்சுப் போனதும் என்னைக் கூப்பிட்டாங்க" என்றாள் ஷரி. "காலையில முதல் வழக்கே என்னோடதுதான்னு கதவுல ஒட்டியிருந்துச்சு. கிளெண்டா வந்து 'கொஞ்சம் பொறும்மா'ன்னுட்டா. நீங்க போனப்புறம் அந்த ஆளு முகமே மாறிப்போச்சு. 'இவ்வளவு பயம்னா அவன் கூப்பிட்டப்ப ஏன் போனை எடுத்துப் பேசினே?'ன்னு கேட்டாரு. பின்னாடி உக்காந்திருந்தவங்க சிரிச்சாங்க. 'வெள்ளிக்கிழமை அடிச்சுக்குவீங்க, ஞாயித்துக்கிழமை சர்ச்சுல ஒண்ணா உக்காருவீங்க, நடுவுல நான் கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருக்கணுமா?'ன்னாரு. அதுக்கும் சிரிச்சாங்க. ட்ராவிஸும் சிரிச்சான். மனு தள்ளுபடி. வெளியில வந்தா அவன் என் வண்டி மேல சாஞ்சு நிக்கிறான்."

லீராய் ஜாக்கியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

கிளெண்டா மேயஸ் நீதிமன்ற எழுத்தர். எங்கள் ஊரான ஓஹோ ஃபிரியோவிலிருந்து நீதிமன்றம் இருக்கிற ஹார்லனுக்குப் போக மலைக் கணவாயைத் தாண்ட வேண்டும். பனிக்காலத்தில் அந்தச் சாலையில் போய்வந்தவர்களுக்குத் தெரியும், அது விளையாட்டில்லை. அவ்வளவு தூரம் போய், "இன்னிக்கு விசாரணை இல்லையே" என்று கேட்டுவிட்டுத் திரும்பினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அதனால் கிளம்பும் முன் கிளெண்டாவுக்கு ஒரு போன் போடுவோம். நான் மட்டுமில்லை, பத்து பேருமே. முன்னறிவிப்பில்லாமல் போக வேண்டும் என்று விதி இருக்கிறது. விதியைக் கூட்டத்தில் பயபக்தியோடு வாசிப்போம், வாசித்துவிட்டு கிளெண்டாவுக்குப் போன் போடுவோம். விருந்துக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனால் வீடு பெருக்கித்தான் இருக்கும். இது என் மண்டையில் ஏற ஒரு பெண்ணின் நான்கு டயர் கிழிய வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை போன் போடாமலே கிளம்பினேன். கையும் களவுமாகப் பிடித்துவிடுவேன் என்று எனக்குள் ஒரே துள்ளல். வாசலில் காவலுக்கு நின்ற ரூபன் என்னைக் கண்டதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"டெல்மா! லீராய் எப்படி இருக்காரு? இருங்க, கிளெண்டாகிட்ட சொல்லிடறேன்."

"சொல்லாதடா" என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவன் தோளிலிருந்த ரேடியோவில் என் பெயர் போய்விட்டது. மூட்டுவலியோடு மாடி ஏறிக் கதவைத் திறந்தேன். நீதிபதி டிட்வெல் ஒரு குடிகாரப் பையனைப் பார்த்து, "உன் எதிர்காலத்தைப் பத்தித்தான் எனக்குக் கவலை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பையனே திருதிருவென்று விழித்தான். மூன்றரையாயிரம் பேர் வாழ்கிற கவுண்டியில் நான் எந்த வேஷம் போட்டுக்கொண்டு போவது?

அந்த வாரமே ஷரி மறுபடி மனுப் போட வேண்டியிருந்தது. டயர் கிழிந்த பிறகு அவள் தன் தங்கை வீட்டில் போய்த் தங்கியிருந்தாள். தங்கை வீட்டுத் தெருவிலும் ட்ராவிஸின் பிக்கப் வண்டி மெதுவாகப் போய்வர ஆரம்பித்திருந்தது. இப்போது உத்தரவு கிடைக்கவில்லை என்றால் அடுத்தது டயரோடு நிற்காது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன். அவளைக் கடைக்குக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நீ உள்ள போ. நான் ஹார்லன்ல இருக்கிறதே யாருக்கும் தெரியக் கூடாது. உன்னை ஏத்திட்டுப் போற வண்டியில பின்சீட்டுல குனிஞ்சு உக்காந்துக்கறேன். உன் வழக்கைக் கூப்பிட்டதும் பின்பக்கப் படி வழியா வந்து கதவோரம் நின்னு கேக்கறேன். அவரு பேசறது அத்தனையும் என் காதுல விழணும். அப்புறம் பாரு, அந்த ஆளை நான் என்ன பண்றேன்னு."

ஷரி காபியைக் கீழே வைத்தாள்.

"கேட்டு?"

"கேட்டு எழுதுவேன். தகுதி இல்லைன்னு எழுதுவேன்."

"அன்னிக்கு என் மனு என்னாகும்?"

நான் அவள் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினேன்.

"வேண்டாம் டெல்மா. நீங்க ஒளிய வேண்டாம். அந்தச் சிவப்புக் கோட்டையே போட்டுக்கிட்டு வாங்க. கிளெண்டாவுக்கு முன்னாடியே போன் போடுங்க. முதல் வரிசையில, அவரு கண்ணுல படற மாதிரி உக்காருங்க."

"அட லூசு, நான் உக்காந்தா அந்த மனுஷன் தேனா பேசுவான். அப்புறம் நான் என்னத்தை எழுதறது? கண்ணால பாத்ததைத்தான் எழுதலாம், ஊர்ல கேட்டதை எழுதக் கூடாதுங்கிறது விதி. இன்னும் நாலு வருஷம் அவனே உக்காருவான்."

"நீங்க என்ன எழுதினா எனக்கென்ன? எனக்கு அந்த உத்தரவு வேணும்."

கோபம் வந்தது. நாலு வருடத்தில் அந்தக் கதவைத் தாண்டி இவளைப் போல எத்தனை பேர் போவார்கள் என்று கேட்க நினைத்தேன். அவள் கடை வாசலையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை. கிளெண்டாவுக்குப் போன் போட்டேன்.

விசாரணை பிரமாதமாக நடந்தது. அதைச் சொல்லவே எனக்கு நாக்குக் கசக்கிறது. டிட்வெல் ஷரியைப் பெயர் சொல்லி அழைத்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். டயர் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து உற்றுப் பார்த்தார். இடையில் இரண்டு தடவை அவர் கண் என் பக்கம் வந்து போனது. இடைக்கால உத்தரவு கிடைத்தது. நிரந்தர உத்தரவுக்கான விசாரணையை, இரண்டு தரப்பையும் கேட்க வேண்டும் என்று, இரண்டு வாரம் தள்ளி வைத்தார்.

அந்தத் தேதியைக் கேட்டதும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். எங்கள் குழு ஓட்டுப் போடும் நாள் அதற்கு முந்தைய வாரத்தில் இருந்தது. மதிப்பெண் போட்டு முடித்துவிட்டால் அதன் பிறகு அவர் யாருக்காகத் தேனாக இருக்க வேண்டும்?

குழுக் கூட்டம் ஹார்லன் நூலகத்தின் கீழறையில் நடக்கும். தலைவர் ப்ரெஸ்டன் லிண்ட்குவிஸ்ட், நில வழக்குகளைப் பார்க்கும் வக்கீல். நல்ல மனிதர், ஆனால் எல்லாவற்றையும் சீக்கிரம் முடிக்க வேண்டும் அவருக்கு. வக்கீல்களின் கருத்துகள் எல்லாம் பிரமாதம் என்று வாசித்தார். அவர்கள் பின்னே எப்படிச் சொல்வார்கள், நாளைக்கு அதே ஆள் முன்னால்தானே போய் நிற்க வேண்டும். பிறகு டிட்வெல் வந்து உட்கார்ந்தார். ஆளாளுக்கு வேட்டையைப் பற்றி இரண்டு வார்த்தை, வழக்குகள் தேங்குவதைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்டார்கள். என் முறை வந்தது.

"யுவர் ஆனர், பின்வரிசையில நாங்க யாரும் இல்லாத நாள்ல உங்க கோர்ட் எப்படி இருக்கும்?"

அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"டெல்மா, நீங்க இல்லாத நாள்ல எப்படி இருக்கும்னு நீங்க வந்து பாத்தா, அது நீங்க இருக்கிற நாளா ஆயிடுமே!"

அறை முழுக்கச் சிரிப்பு. ப்ரெஸ்டன் மேசையைத் தட்டிச் சிரித்தார். நானும் பல்லைக் காட்டித் தொலைத்தேன், வேறென்ன செய்ய.

பேட்டி முடிந்து தேநீர் இடைவேளை விட்டார்கள். நான் கழிப்பறைக்குப் போய்த் திரும்பும்போது டிட்வெல் நடைவழியில் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றார். சுற்றிலும் யாரும் இல்லை. முகத்தில் அந்தச் சிரிப்பும் இல்லை.

"அந்தப் பாக்கா பொண்ணு உங்களுக்கு வேண்டியவளா?"

"டயர் மாத்த வந்தவ. கவுண்டியில பாதிப் பேரு எனக்கு அப்படி வேண்டியவங்கதான்."

"அவ வழக்கு இன்னும் முடியலை. என் முன்னாடிதான் இருக்கு. அவளைப் பத்தி உள்ள எதுவும் பேசிடாதீங்க. அவளுக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்." பொத்தானைப் போட்டுக்கொண்டார். "லீராயைக் கேட்டதாச் சொல்லுங்க."

கூட்ட அறைக் கதவை வேண்டியதைவிட வேகமாக இழுத்துத் திறந்தேன். பயமா கோபமா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது. உள்ளே போய் உட்கார்ந்ததும் ப்ரெஸ்டன் பேனாவைத் திறந்தார்.

"சரி, கையைத் தூக்கிடலாமா? பனி ஆரம்பிக்கிறதுக்குள்ள எல்லாரும் வீடு போய்ச் சேரணும்."

"நான் இன்னும் பாத்து முடிக்கலை" என்றேன்.

"ரெண்டு தடவை பாத்திருக்கீங்களே?"

"மூணு. இன்னொரு தடவை பாக்கணும். எந்த உறுப்பினர் கேட்டாலும் இன்னொரு தடவை பாக்கலாம்னு விதி இருக்கு. முடிவு அனுப்பற கடைசித் தேதி வரைக்கும் நேரம் இருக்கில்ல? அன்னிக்கு ஓட்டு வெச்சுக்கலாம்."

எல்லாரும் ஒரே குரலில் முனகினார்கள்.

"மறுபடியும் மலை ஏறணுமா? என் பசு கன்னு போடற நேரம்" என்றார் ஒரு பண்ணைக்காரர்.

"பசு உங்களைக் கேட்டுக்கிட்டா போடப் போகுது?" என்றேன்.

"என்னதான் பாக்கணும் உங்களுக்கு?" என்று ப்ரெஸ்டன் கேட்டார்.

"பாத்தப்புறம் சொல்றேன்."

அவர் என்னை வெகுநேரம் முறைத்தார். நானும் முறைத்தேன். எங்கள் வீட்டில் முறைப்பதில் என்னை ஜெயித்தவர்கள் கிடையாது. கடைசியில் அவர் பேனாவை மூடினார்.

நிரந்தர உத்தரவு விசாரணைக்கு ட்ராவிஸ் தலையை வாரிக்கொண்டு, வக்கீலோடு வந்திருந்தான். நான் முதல் வரிசை. மதிப்பெண் இன்னும் என் கையில்தான் இருக்கிறது என்று டிட்வெல்லுக்குத் தெரியும். ட்ராவிஸின் வக்கீல் எழுந்து, ஷரியைப் பார்த்துக் கேட்டான்: "இவ்வளவு பயப்படறவங்க, அவர் கூப்பிட்டப்ப ஏன் போனை எடுத்துப் பேசினீங்க?"

ஷரியின் தோள் குறுகியது. டிட்வெல் என்னைப் பார்த்தார். பிறகு வக்கீலின் பக்கம் திரும்பினார்.

"இந்த மாதிரிக் கேள்வியை என் கோர்ட்டுல நான் அனுமதிக்கறதில்லை. பயப்படறவங்க போனை எடுக்காம இருக்க முடியாது. எடுக்கலைன்னா அவன் நேர்ல வருவான். உக்காருங்க."

எவ்வளவு சரியான வார்த்தைகள்! அப்படியானால் எது சரி என்று அந்த மனுஷனுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. தெரியாதவன் என்றுகூட மன்னித்திருப்பேன். எழுந்து போய் அவர் மேசையைக் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. அசையாமல் உட்கார்ந்திருந்தேன். நிரந்தர உத்தரவு கிடைத்தது. ட்ராவிஸ் அவளிடமிருந்து நூறு கஜம் தள்ளி நிற்க வேண்டும், துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டும். வெளியே வந்ததும் ஷரி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"கடைசிக் கூட்டத்துக்கு வந்து பேசறியா மிஹா?" என்றேன். "பொதுமக்கள் யார் வேணா பேசலாம். முதல் தடவை என்ன நடந்துச்சுன்னு உன் வாயால சொல்லு. நான் சொன்னா வதந்தி. நீ சொன்னா சாட்சி."

"வரேன்" என்றாள்.

வந்தாள். இஸ்திரி போட்ட சட்டை, வாரிக் கட்டிய தலை. நூலகக் கீழறையில் பத்து பேர் முன்னால் நின்றாள். ப்ரெஸ்டன் வழக்கம்போலச் சொன்னார்: "நீங்க பேசறது பதிவாகும். நீதிபதிக்கும் ஒரு பிரதி போகும். அது நியாயம்தானே, அவரைப் பத்தி என்ன சொல்றாங்கன்னு அவருக்குத் தெரியணுமில்ல?"

ஷரி தலையாட்டினாள்.

"நீதிபதி டிட்வெல் என்னை மரியாதையா நடத்தினாரு. நான் சொன்னதைப் பொறுமையாக் கேட்டாரு. எனக்கு நியாயம் கிடைச்சது. அவ்வளவுதான்."

நன்றி சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். எனக்குக் காது அடைத்துப்போயிற்று. ஐந்து நிமிடம் வேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் பின்னாலேயே ஓடினேன். வண்டி நிறுத்துமிடத்தில் பிடித்தேன்.

"என்னடி பண்ணிட்டே? இதுக்கா உனக்காக மூணு தடவை மலை ஏறினேன்?"

"பொய் சொல்லலையே. கடைசி ரெண்டு தடவையும் நல்லாத்தான் நடந்துக்கிட்டாரு."

"முதல் தடவை?"

அவள் குரல் கிறீச்சிட்டது.

"டெல்மா, ட்ராவிஸ் அந்த உத்தரவை மீறினா, மீறுவான், நான் யார் முன்னாடி போய் நிக்கணும்? உங்க முன்னாடியா? உங்க மதிப்பெண் இன்னியோட முடிஞ்சுது. அடுத்த தடவை நீங்க சிவப்புக் கோட்டு போட்டுக்கிட்டு வந்தா அந்த ஆளு திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு. தேர்தல்ல தோத்தாலும் ஜனவரி வரைக்குமாவது அவருதான் அங்க இருப்பாரு. அவரு கையெழுத்துலதான் நான் உயிரோட நடமாடறேன்."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவள் மேல் வந்த கோபத்தை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியவில்லை.

"நீங்களும் எதிரா கை தூக்காதீங்க" என்றாள், மெதுவாக. "ஒன்பதுக்கு ஒண்ணுன்னு வந்தா அந்த ஒண்ணு யாருன்னு அவருக்குத் தெரியாதா? நீங்க யாருக்காக வந்து உக்காந்தீங்கன்னும் தெரியும். உங்களை ஒண்ணும் பண்ண முடியாது. உங்களுக்கு டயர் கடை இருக்கு."

கீழறைக்குத் திரும்பினேன். எல்லாரும் கோட்டைக்கூடப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தார்கள். "தகுதி உண்டு என்பவர்கள்?" என்றார் ப்ரெஸ்டன். ஒன்பது கைகள் எழுந்தன. பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் ஒற்றைக் கை அவரை இறக்காது, அவளைத்தான் மாட்டிவிடும். அப்படித்தான் கணக்குப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் தூக்கியதிலேயே கனமானது அந்தக் கைதான். தூக்கினேன்.

"பத்துக்குப் பத்து!" என்றார் ப்ரெஸ்டன். "பாத்தீங்களா டெல்மா, இதுக்கா இவ்வளவு பாடுபடுத்தினீங்க?"

இலையுதிர் காலத்தில் கையேடு வந்தது. டிட்வெல்லின் பக்கத்தில், ஒரு பாதுகாப்பு மனு விசாரணையில் அவர் காட்டிய பொறுமையையும் கனிவையும் குழு உறுப்பினர் ஒருவர் நேரில் கண்டார் என்று போட்டிருந்தது. அந்த ஒருவர் நான்தான், என் பெயர் இல்லை. என் வயிறு எரிந்ததற்குப் பெயர் எதற்கு?

எங்கள் மாநிலத்தில் வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் லீராய் சுட்ட பச்சை மிளகாயைத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து வட்டங்களைக் கறுப்பாக்கிக்கொண்டு வந்தேன். டிட்வெல்லின் கேள்வி வந்ததும் 'இல்லை' என்ற வட்டத்தைக் காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்திக் கறுப்பாக்கினேன். லீராய் எட்டிப் பார்த்தார்.

"பத்துக்குப் பத்துன்னு புஸ்தகத்துல போட்டிருக்கே?"

"ஆமா."

"நீயும் கை தூக்கினே?"

"தூக்கினேன். வாயை மூடிக்கிட்டு மிளகாயை உரிங்க."

அவர் உரித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. பார்க்க ஆள் இருந்தபோது ஒன்று, இல்லாதபோது வேறொன்று. அந்த விஷயத்தில் டிட்வெல்லுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று நினைத்துக்கொண்டே உறையை ஒட்டினேன். ஒட்டிவிட்டு, என்ன பிரயோசனம் என்றும் நினைத்தேன்.

தேர்தல் முடிந்த மறுநாள் காலை கடையைத் திறந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. ப்ரெஸ்டன்.

"டெல்மா, கேட்டீங்களா? வாரன் தோத்துட்டாரு."

"என்னது?"

"தோத்துட்டாரு! இருநூத்திச் சொச்சம் ஓட்டுல. ஓஹோ ஃபிரியோவுல மூணு பேருக்கு ஒருத்தர்தான் ஆம்னு போட்டிருக்காங்க. ஹார்லன்லயே பாதிப் பேரு இல்லைன்னு போட்டிருக்காங்க. இந்தக் கவுண்டியில இப்படி நடந்ததே இல்லை!"

நான் அருகிலிருந்த டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். கிழவர்கள், குடிகாரப் பையன்கள், டயர் கிழிக்கப்பட்ட பெண்கள், அவர்களுடைய தங்கைகள், அன்று பின்னால் உட்கார்ந்து சிரித்தவர்கள்கூட. எத்தனை வீட்டில் எத்தனை பேர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒருத்தருக்கொருத்தர் சொல்லாமல், அந்த வட்டத்தை அழுத்தியிருக்க வேண்டும்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஷரியும் அழுத்தியிருப்பாளா? அவளிடம் நான் இதுவரை கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"எனக்குப் புரியவே இல்லை" என்று ப்ரெஸ்டன் புலம்பிக்கொண்டிருந்தார். "பத்து பேரு கோர்ட்டுக்குப் போய்ப் பாத்தோம். வக்கீல்களைக் கேட்டோம். பொதுக்கூட்டம் போட்டோம். இத்தனை பேருக்கு அவரைப் பிடிக்கலைன்னா, ஒருத்தராவது நம்மகிட்ட வந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா அதோட பிரதியை யாருக்கு அனுப்பி வெப்போம், ப்ரெஸ்டன்?" என்றேன்.

வெளியே ஒரு வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. நான் போனை வைத்துவிட்டுப் போனேன்.